ஒரு துளி வெட்டிவேர்

வீட்டில் வாசனை எண்ணெய் கலக்க ஆசைப்படுகிறவர்கள், எடுத்த எடுப்பிலேயே டஜன் குப்பி அடங்கிய பெட்டியை வாங்கிவிடுகிறார்கள். அவ்வளவு எதற்கு? ஆரஞ்சுத் தோல், மல்லிவிதை, வெட்டிவேர் என்று மூன்று எண்ணெய் போதும். மூன்றும் மூக்குக்குப் பழகியவை. பழகிய வாசத்தில்தான் நுணுக்கம் பிடிபடும்.

முகர்வதற்கு முன்பே குப்பிகளைச் சாய்த்துப் பாருங்கள். ஆரஞ்சு எண்ணெய் தண்ணீராய் ஓடும். ஒரு துளி கேட்டால் மூன்று விழும். வெட்டிவேர் எண்ணெய் பழுப்பேறி, பிசுபிசுத்து, குப்பியின் வாயிலேயே தொங்கி, நம் பொறுமையைச் சோதித்த பிறகுதான் விழும். எது சீக்கிரம் பறக்கும், எது தங்கும் என்பது அந்த ஓட்டத்திலேயே ஓரளவு தெரிந்துவிடுகிறது.

ஆரஞ்சைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தோலைக் கிள்ளும்போது கண்ணில் தெறித்து எரியுமே, அதேதான். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் லிமோனீன் என்ற சேர்மம்.

மல்லிவிதைதான் என் செல்லம். சாம்பார்ப்பொடி வாசத்தை எதிர்பார்த்து முகர்கிறவர் திகைத்துப்போவார். அது வறுக்கும்போது பிறக்கிற மணம். எண்ணெயில் அது கிடையாது. தழையின் பச்சை வாடையும் இல்லை, அது ஆல்டிஹைடுகளின் வேலை. வறுக்காத விதையை உள்ளங்கையில் நசுக்கினால் முதல் மூச்சில் ஓர் இனிப்பு வந்து போகும். அதைத்தான் இந்த எண்ணெய் பிடித்து வைத்திருக்கிறது. அதற்குக் காரணமான லினலூல், லவெண்டரிலும் இருக்கிறது, மல்லிகையிலும் இருக்கிறது. அஞ்சறைப்பெட்டிக்குள் ஒரு பூ ஒளிந்திருப்பது தெரியாமலே ரசம் வைத்துக்கொண்டிருக்கிறோம்!

வெட்டிவேரைக் கடலூர்ப் பக்கத்து மணலில் பயிராக்குகிறார்கள். கோடையில் பானைத் தண்ணீரில் போடும் அதே வேர்தான். ஆனால் தண்ணீரில் இறங்கும் வாசம் சாது. நீராவியில் வடித்த எண்ணெய் முரடு. ஈர மண், பழைய மரம், அடியில் லேசான கசப்பு. ஜாவாத் தீவு எண்ணெயில் புகை வாடை தூக்கும். ஹைட்டி நாட்டு எண்ணெய் அதைவிடத் தெளிவாக இருக்கும். தொடங்குகிறவருக்கு ஹைட்டியே நல்லது.

கலப்பதற்கு முன் ஒரு காரியம். வழவழப்பில்லாத டிராயிங் காகிதத்தை விரல் அகலப் பட்டைகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு எண்ணெயைத் தொட்டு, விசிறிபோல் சேர்த்துப் பிடித்து மூக்குக்கு முன் ஆட்டுங்கள். ஒரு துளிகூட வீணாகாமல் கலவை எப்படி வரும் என்று தெரிந்துவிடும். வெட்டிவேர்ப் பட்டையை நெருக்கினால் ஆரஞ்சிடமிருந்து மிட்டாய்த் தித்திப்பு விலகி, தோலின் உள்வெள்ளைக் கசப்பு முன்னே வரும். அந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப முகர்ந்து பார்க்கிறேன்.

பட்டைகளை வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். முதலில் ஆரஞ்சு கழன்றுகொள்ளும். மல்லிவிதை இன்னும் கொஞ்சம் நிற்கும். மறுநாளும் விடாமல் மணப்பது வெட்டிவேர். லிமோனீன் மூலக்கூறில் 10 கார்பன், லினலூலிலும் அதே 10. ஆனால் லினலூலில் கூடுதலாக ஒரு ஆக்சிஜன் உண்டு. அந்த ஒற்றை அணு பக்கத்து மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்வதால் லினலூல் மெதுவாகக் கிளம்புகிறது. வெட்டிவேரின் முக்கியச் சேர்மமான குசிமோலில் 15 கார்பன். அது எளிதில் அசையாது. லண்டனில் இருந்த செப்டிமஸ் பியஸ் என்ற வாசனைக் கலைஞர் 19ஆம் நூற்றாண்டிலேயே மணங்களை இசைச் சுரங்களாக வரிசைப்படுத்தினார். அவர் வரிசையை அப்படியே ஏற்க என் மூக்கு மறுக்கிறது. ஆனாலும் வெட்டிவேரைத் தம்புரா என்பேன்: இருக்கும்போது கவனிக்கமாட்டோம், நிறுத்தினால் பாட்டே தனித்து நிற்கும்.

இனி அளவு. வெட்டிவேர் 1 துளி, மல்லிவிதை 3, ஆரஞ்சு 6. வெட்டிவேரை முதலில் விடுங்கள். தவறி இரண்டு விழுந்தால் மற்றதைக் கூட்டிச் சமாளிக்கலாம். பழுப்புக் குப்பியில் ஒரு வாரம் இருட்டில் வைத்தால் முனைகள் மழுங்கி ஒன்றோடொன்று இழையும். உடம்பில் பூசுவதானால் இந்தப் பத்துத் துளிக்கு 30 மில்லி பாதாம் எண்ணெய் வேண்டும். செக்கு நல்லெண்ணெய் விட்டால் அதன் மணமே மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். முதலில் முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தடவிப் பாருங்கள். காற்றுப்பட்டுப் பழசான ஆரஞ்சு எண்ணெய் தோலை உறுத்தும், வேண்டாம். ஆரஞ்சுக்குப் பதில் பெர்கமாட் போடுகிறவர்கள் வெயிலில் போகும்முன் பூசக் கூடாது. அதிலுள்ள பெர்கப்டென் வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கும்.

இது அலுத்தால் மல்லிவிதையை எடுத்துவிட்டு லவெண்டரை வையுங்கள். அதிலும் லினலூல் இருப்பதால் ஆரஞ்சுக்கும் வெட்டிவேருக்கும் நடுவே உள்ள ஒட்டு விடாது. ஆனால் லவெண்டரில் லினலைல் அசிடேட்டும் உண்டு. பழச்சாயலுள்ள ஒரு மினுக்கு கூடவே வந்து சேரும். கடையில் வாங்கிய சென்ட் மாதிரி இருக்கிறது என்று நாலு பேர் பாராட்டுவார்கள். எனக்கென்னவோ மல்லிவிதைதான் உசத்தி.