நூறு சத வசூல் மறைப்பது

குறுங்கடன் நிறுவனங்கள் எந்த அவைக்குப் போனாலும் முதலில் எடுத்து வைத்தது வசூல் விகிதத்தைத்தான்: நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு, சில இடங்களில் அதற்கும் மேல். கொடையாளர்களிடம் அது ஏழைப் பெண்களின் நாணயத்துக்குச் சான்று. முதலீட்டாளர்களிடம் போட்ட பணம் பத்திரம் என்பதற்குச் சான்று. தொண்டும் லாபமும் பகையின்றிச் சேர்ந்து நடக்கும் என்ற நம்பிக்கையே இந்த ஓர் எண்ணின்மேல்தான் எழுந்தது. நாம் முதலில் சந்தேகித்திருக்க வேண்டியதும் இதைத்தான்.

குறுங்கடன் முறையின் பலத்தைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. 1976இல் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் முகமது யூனுஸ் தொடங்கிய முயற்சி, அடகு வைக்க எதுவுமில்லாத பெண்ணையும் கடன் பெறத் தகுதியானவளாக்கியது. கந்துவட்டிக்காரரைத் தவிர வேறு போக்கிடம் இல்லாத தெருக்களில் இது பெரிய விடுதலை. சின்னக் கடனை வாராவாரம் தெருவுக்கே போய் வசூலிக்க ஆகும் செலவும் பெரிது. வங்கிகள் ஒதுங்கி நின்றதற்கு அது ஒரு காரணம். கொடையை மட்டும் நம்பிய தொண்டு அமைப்புகள் பல, சில வட்டாரங்களோடு நின்றன. சந்தை முதலீடு கடனை மேலும் பல வீடுகளுக்குக் கொண்டுபோனது.

அந்த முதலீடு வேகத்தையும் சேர்த்துக் கொண்டுவந்தது. மெக்சிகோவில் தொண்டு அமைப்பாகத் தொடங்கிய கம்பார்த்தமோஸ் 2007இல் பங்குச்சந்தைக்குப் போனபோதே யூனுஸ் வெளிப்படையாகக் கண்டித்தார். இந்தியாவில் விக்ரம் அகுலா 1997இல் தொண்டு அமைப்பாகத் தொடங்கிய எஸ்.கே.எஸ்., பின்பு நிதி நிறுவனமாக மாறி, 2010 ஆகஸ்டில் பங்கு வெளியிட்டு 1,600 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியது. இரண்டே மாதத்தில், அக்டோபரில், குறுங்கடன் நிறுவனங்களைக் கட்டுப்படுத்த ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதற்குள் அந்த மாநிலத்தில் ஒரே பெண்ணுக்குப் பல நிறுவனங்கள் கடன் கொடுத்திருந்தன. அரசு ஆதரவில் உருவான மகளிர் குழுக்களின் உறுப்பினர்களே இவற்றுக்கும் வாடிக்கையாளர்கள். கடன் நெருக்கடியால் தற்கொலைகள் என்ற செய்திகள் அடுத்தடுத்து வந்தன. வசூல் விகிதமோ கடைசிவரை அழகாகவே இருந்தது. ஒரு நிறுவனத்தின் தவணையை இன்னொரு நிறுவனத்தின் கடன் அடைத்துக்கொண்டிருந்தால் அந்த எண் எப்படிக் குறையும்?

எனக்கு இதில் மிகவும் வலிப்பது களப்பணியாளரின் நிலை. வீட்டு நிலவரம் அறிந்து, பேசி, தேவையானால் ‘இப்போது கடன் வேண்டாம்மா’ என்று சொல்வதுதான் சமூகப்பணி. ஆனால் அவருடைய ஊக்கத்தொகை எத்தனை கடன் கொடுத்தார், எவ்வளவு வசூலித்தார் என்பதோடு கட்டப்பட்டால் அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வராது. புருஷனுக்கு உடம்பு சரியில்லை என்று ஒருத்தி தவணை கட்டாமல் நின்றால், கூட்டுப் பொறுப்பில் கடன் வாங்கிய குழுவில் மற்றவர்கள் தங்கள் கையிலிருந்து போட வேண்டும். போட்டவர்கள் அவள் வாசலில் போய் நிற்பார்கள். சமூகப்பணி காக்க வேண்டிய அந்தரங்கமும் மரியாதையும் இங்கே ஈடாக வைக்கப்பட்டுவிட்டன. நிலப்பத்திரத்துக்குப் பதில் அக்கம்பக்கத்து உறவே அடகு.

கடனை நிறுத்திவிட்டால் தீருமா? தீராது. ஆந்திர நெருக்கடிக்குப் பின் நாட்டின் பிற பகுதிகளிலும் குறுங்கடன் வறண்டது. அதை ஆராய்ந்த எமிலி பிரெசாவும் சிந்தியா கின்னனும், அடி விழுந்த மாவட்டங்களில் கூலித் தொழிலாளர்களின் வருமானமும் குறைந்ததைக் கண்டார்கள். மறுபக்கம், பல நாடுகளில் நடந்து 2015இல் வெளியான ஆறு களச்சோதனைகள், குறுங்கடனால் கிடைக்கும் நன்மை மிதமானது, வாழ்க்கையைப் புரட்டிப்போடுவதல்ல என்றன. மிதமான நன்மை தரும் ஒன்றை வறுமை ஒழிப்பு என்று விற்றதில்தான் பிழை தொடங்குகிறது.

1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வேறு வழியில் போயின. முதலில் சேமிப்பு, பிறகு அதிலிருந்து உள்கடன், அதன்பின் வங்கி இணைப்பு. உள்கடனுக்கான வட்டி குழுவுக்கே திரும்பும். யாருக்கு எப்போது தவணை தள்ளிவைக்கலாம் என்பதை அந்தப் பெண்களே பேசி முடிவெடுக்கலாம். இதிலும் குறை உண்டு: வளர்ச்சி மெதுவானது, அரசியல் தலையீடும் அதிகம். ஆனாலும் அவசரமில்லாத மூலதனம் எது, அவசரமான மூலதனம் எது என்பது இந்த இரண்டு முறைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும்.

2022இல் ரிசர்வ் வங்கி குறுங்கடனுக்கான வட்டி உச்சவரம்பை நீக்கியது. ஒரு குடும்பத்தின் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்ற விதியையும் வகுத்தது. நல்ல விதிதான். ஆனால் கூலிக்குப் போகும் வீட்டின் வருமானத்தைக் கேட்டு எழுதுவது, அந்த மாத இலக்கை முடிக்க வேண்டிய அதே களப்பணியாளர். அடகுக்கடையில் இருக்கும் தாலியும் கைமாற்றும் எந்தக் கடன் பதிவேட்டிலும் வராது. 2025இல் வற்புறுத்தி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் சட்டம் நிறைவேற்றியது. அது வசூல் நேரத்து வன்முறையைத்தான் தடுக்க முயல்கிறது. கடன் கொடுக்கும் நேரத்தில் மறுக்கும் உரிமை களப்பணியாளருக்கு வேண்டும். மறுத்ததற்காக அவர் சம்பளம் குறையக் கூடாது. எத்தனை பேருக்குத் தவணை தள்ளிவைக்கப்பட்டது, ஏன் என்பதையும் நிறுவனங்கள் வசூல் விகிதத்தின் பக்கத்திலேயே வெளியிட வேண்டும்.