பரிசைச் சுற்றுவது யார்?

பண்டிகைக் காலம் நெருங்கினால் பெண்களுக்கான பக்கங்களில் தவறாமல் வரும் ஒரு வகை எழுத்து உண்டு: சூழலுக்குக் கேடில்லாமல் பரிசுகளைச் சுற்றப் பத்து வழிகள். பளபளக்கும் தாளை விடுங்கள், பழைய செய்தித்தாளை எடுங்கள். செலோடேப் வேண்டாம், சணல் கயிறு போதும். பிளாஸ்டிக் ரிப்பனுக்குப் பதில் காய்ந்த பூவையும் இலையையும் செருகுங்கள். அலமாரியில் கிடக்கும் பழைய சேலையை வெட்டிப் பயன்படுத்துங்கள். கிறிஸ்துமஸுக்காக எழுதப்பட்ட இந்த ஆலோசனைகள் இன்று தீபாவளி, நவராத்திரி என்று பெயர் மாற்றிக்கொண்டு நம் வீட்டுக்கும் வருகின்றன.

இவை சொல்லும் சூழல் உண்மைகளில் எனக்கு மறுப்பில்லை. மினுங்கும் பரிசுத்தாள்களில் பல, தாளே அல்ல. உலோகப் பூச்சு ஏற்றிய பிளாஸ்டிக் படலம். கையில் கசக்கிப் பாருங்கள்: சுருண்டே கிடந்தால் தாள், மறுபடி விரிந்துகொண்டால் பெரும்பாலும் பிளாஸ்டிக். சில நிமிடங்கள் மட்டுமே பயன்படும் ஒரு பொருள் நூற்றாண்டுக் குப்பையாவதை யாரும் நியாயப்படுத்த முடியாது. என் கேள்வி வேறு. இந்தப் பத்து வழிகளிலும் எழுவாய் எங்கே? சேலையைத் தேடி எடுத்து, துவைத்து, இஸ்திரி போட்டு, சதுரமாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, முடிச்சுப் போடுவது யார்?

1970களின் இறுதியில் சமூகவியலாளர் தியடோர் கேப்ளோவும் அவரது குழுவினரும் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள மன்சி நகரத்தில் கிறிஸ்துமஸ் பரிசுகளை ஆராய்ந்தார்கள். 'மிடில்டவுன்' என்ற புனைபெயரில் சமூகவியலில் புகழ்பெற்ற ஊர் அது. அங்கே கொடுக்கப்பட்ட பரிசுகளில் 84 சதவீதம், பெண்கள் தனியாகவோ மற்றவர்களுடன் சேர்ந்தோ கொடுத்தவை. பெண்ணின் துணையில்லாமல் ஆண்கள் கொடுத்தவை 16 சதவீதம் மட்டுமே. அந்த ஊரில் எழுதப்படாத ஒரு விதியையும் கேப்ளோ கண்டார். சுற்றாத பொருள் கிறிஸ்துமஸ் பரிசாகாது. பியானோ போலச் சுற்றவே முடியாத பொருளுக்கும் ஒரு ரிப்பனாவது கட்டியாக வேண்டும். இந்த விதியை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, மீறினால் தண்டனையும் இல்லை. ஆனாலும் அநேகமாக எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டார்கள்.

1987இல் மானுடவியலாளர் மிகாயேலா டி லியோனார்டோ இந்த உழைப்புக்கு ஒரு பெயர் தந்தார்: உறவுப் பணி. வடக்குக் கலிபோர்னியாவின் இத்தாலிய அமெரிக்கக் குடும்பங்களிடையே ஆய்வு செய்தவர் அவர். வாழ்த்து அட்டை அனுப்புவது, தொலைபேசியில் நலம் கேட்பது, விருந்துக்குத் திட்டமிடுவது, யாருக்கு என்ன பரிசு என்று நினைவில் வைத்திருப்பது ஆகிய எல்லாமே வேலைதான் என்றார். வீட்டு வேலை, சம்பள வேலை ஆகிய இரண்டோடு பெண்கள் செய்யும் மூன்றாவது வேலை இது. மனைவி இறந்தாலோ பிரிந்தாலோ ஆணின் சொந்தபந்தங்களும் மெல்ல அறுந்துபோவதை அவர் பார்த்தார். அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது யார் என்பது, அவள் கைவிட்ட பிறகே மற்றவர்களுக்குத் தெரிகிறது.

பசுமை ஆலோசனைகளை இந்த வெளிச்சத்தில் வாசித்தால் ஒன்று புலப்படும். அவை சுற்றும் பொருளை மாற்றுகின்றன. சுற்றியே ஆக வேண்டும் என்ற விதியைத் தொடுவதில்லை. கடைத்தாளில் ஐந்து நிமிடத்தில் முடிந்த வேலை, உருளைக்கிழங்கில் அச்சு வெட்டிப் பழுப்புத் தாளில் பதிக்கும்போது ஒரு மாலைப்பொழுதைத் தின்கிறது. குறைந்த குப்பையின் எடை கணக்கில் வருகிறது. கூடிய நேரம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. இந்த ஆலோசனைகள் அதை 'ஆக்கபூர்வமான பொழுதுபோக்கு' என்று கடந்துபோகின்றன. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் எந்தப் பெண்ணுக்குப் பொழுது போகாமல் இருக்கிறது?

பழைய சேலை விஷயத்துக்கு வருவோம். அதைக் குப்பை என்று நினைத்து, இப்போது 'மறுபயன்பாடு' என்று கண்டுபிடிப்பவர்களுக்கு நம் வீடுகளைத் தெரியாது. சேலை இற்றுப்போனால் குழந்தைக்குத் தூளியாகும், நான்காக மடித்துத் தைத்தால் விரிப்பாகும், கிழிந்தால் கரித்துணியாகும், மாதவிடாய்த் துணியாகவும் ஆகும். இந்த அறிவைப் பெண்கள் சூழலியல் நூல்களில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இல்லாமையிலிருந்து கற்றார்கள். எனவே அதை வெறும் பழம்பெருமையாகக் கொண்டாடுவதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. மாதவிடாய்த் துணியை வெயிலில் காயப்போட முடியாமல் ஒளித்து வைத்த தலைமுறைகளிடம் போய் மறுபயன்பாட்டின் அழகைப் பற்றி யாரும் பேசிவிட முடியாது.

கொரியாவின் பொஜாகி துணிகளுக்கும் இதேபோன்ற வரலாறு உண்டு. பரிசையும் உணவையும் சீர்ப்பொருள்களையும் சுற்றப் பயன்பட்டவை அவை. ஜோசன் ஆட்சிக் காலத்தில் சாதாரண வீட்டுப் பெண்கள், உடை தைத்து மிஞ்சிய துண்டுகளை ஒட்டுப்போட்டுச் செய்தவை 'ஜொகாக்போ' எனப்பட்டன. இன்று அருங்காட்சியகச் சுவரில் தொங்கும் அவற்றை மோன்ட்ரியான், பால் க்ளே ஆகியோரின் ஓவியங்களோடு ஒப்பிட்டு வியக்கிறார்கள். ஓவியர்களுக்குப் பெயர் இருக்கிறது. துணியைத் தைத்தவர்களில் அநேகமாக யாருக்கும் பெயர் இல்லை.

ஜப்பானில் இந்தத் துணிக்கட்டு அரசின் கொள்கைப் பிரசாரத்திலேயே இடம்பிடித்தது. 2006இல் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த யூரிகோ கொய்கே, பிளாஸ்டிக் பைகளுக்கு மாற்றாக ஃபுரோஷிகி துணியை முன்வைத்தார். 'வீணாக்காதே' என்ற பொருள் தரும் 'மொத்தாய்னாய்' என்ற சொல்லை அதற்குப் பெயராக்கினார். அந்தத் துணி, பழைய பிளாஸ்டிக் பாட்டில்களை மறுசுழற்சி செய்த இழையில் நெய்யப்பட்டது. நல்ல முயற்சிதான். ஆனால் பாட்டிலைத் தயாரிக்கும் தொழிற்சாலையின் பொறுப்பு, முடிச்சுப் போடும் கைகளின் பொறுப்பாகச் சத்தமில்லாமல் இடம் மாறுவதை அதில் காணலாம்.

நம் ஊர் மஞ்சப்பைக்கும் இந்தக் கேள்விகளைப் போட்டுப் பார்க்கலாம். கல்யாண வீட்டில் தேங்காயும் வெற்றிலை பாக்கும் வைத்துக் கொடுக்கும் தாம்பூலப் பை, நம்முடைய சொந்தப் பரிசுறை. மணமக்கள் பெயர் அதில் அச்சாகியிருக்கும். பிற்பாடு அதைக் கையில் வைத்திருப்பவனைப் 'பட்டிக்காட்டான்' என்று சினிமா கேலி செய்தது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று அறிவித்தது. இதில் நான் மகிழ்கிறேன். ஆனால் துணியென்றாலே பசுமை என்று ஆகிவிடாது. டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு பருத்திப் பை காலநிலைப் பாதிப்பு என்ற ஒரே அளவுகோலில் பிளாஸ்டிக் பைக்கு ஈடாகவே 52 முறை பயன்பட வேண்டும். விழாவுக்கு விழா புதிதாகத் தைத்து அடுக்கும் பைகளால் பயனில்லை. ஒரே பை திரும்பத் திரும்பப் புழங்க வேண்டும். துவைத்து, மடித்து, வெளியே கிளம்பும்போது மறக்காமல் எடுத்துச் செல்லப்பட வேண்டும். அந்த 52 முறையும் நினைவில் வைத்திருப்பது யார் பொறுப்பு? தைக்கும் பெண்ணுக்குப் பைக்கு என்ன கூலி? இவ்விரண்டும் பிரசாரத்தில் சேராதவரை மஞ்சப்பை பாதிப் பசுமைதான்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். இனிப்புப் பெட்டி, அழைப்பிதழ் ஆகியவற்றின் மேல் சுற்றும் பிளாஸ்டிக் படலத்தை ஒன்றிய அரசு 2022 ஜூலை 1 முதல் தடை செய்தது. தயாரிப்பாளரே தன் பிளாஸ்டிக் உறைக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. தீபாவளிக்கு நிறுவனங்கள் மொத்தமாக வாங்கி அனுப்பும் பரிசுப் பெட்டிகளில் பிளாஸ்டிக் தட்டு, சாட்டின் துணி, அதன்மேல் அட்டை, அதன்மேல் ரிப்பன் என்று அடுக்குகள் இருக்கும். பத்து வழிகள் எழுதுபவர்கள் அந்த நிறுவனத்தின் மேலாளரைப் பார்த்து 'பழைய வேட்டியில் கட்டுங்கள்' என்று எழுதுவதில்லை. அறிவுரை, அதைக் கேட்டே பழகிய காதுகளைத் தேடிப் போகிறது.

அப்படியானால் பரிசைச் சுற்றுவதையே விட்டுவிடலாமா? இங்கே டி லியோனார்டோவிடம் நாம் கற்க இன்னொன்று இருக்கிறது. உறவுப் பணியை அவர் சுமையாக மட்டும் பார்க்கவில்லை. வீடு தாண்டிப் பெண்கள் கட்டும் வலை அது; அதில் அன்பும் உண்டு, செல்வாக்கும் உண்டு, போட்டியும் உண்டு. அண்டை வீட்டுக்காரி பலகாரம் கொடுத்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுக் கொடுக்கும் நம் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். உறையே திரும்பி வரும் பரிசு அது. குப்பை என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. பெண்களுக்கிடையே ஓடும் இந்தச் சுழற்சியை இழக்க நான் தயாரில்லை. அது பெண்களுக்கிடையே மட்டுமே ஓட வேண்டும் என்பதைத்தான் ஏற்க மறுக்கிறேன்.

ஆகவே அடுத்த முறை இப்படியொரு பட்டியல் கண்ணில் பட்டால், ஒவ்வொரு வழிக்கும் பக்கத்தில் மூன்று கேள்விகளை எழுதிவையுங்கள். இதற்கு எவ்வளவு நேரம்? அது யாருடைய நேரம்? இந்தக் குப்பையை முதலில் உண்டாக்கியவர் என்ன செய்கிறார்? பிறகு பட்டியலை வீட்டிலுள்ள மகனிடமோ கணவரிடமோ அண்ணனிடமோ கொடுங்கள். சணல் கயிறு எங்கே இருக்கிறது என்று அவர்கள் கேட்பார்கள். தேடச் சொல்லுங்கள். நேரமே இல்லாத ஆண்டில் புத்தகத்தைப் புத்தகமாகவே, சுற்றாமல் கையில் கொடுங்கள். வாங்குகிறவர் படித்துக்கொள்வார்.