ராமானுஜம்: தறிமேட்டிலிருந்து ஒரு வாசிப்பு

சே. ராமானுஜத்தை (1935–2016) நவீன நாடக இயக்குநர் என்றே நம் சிறுபத்திரிகைகள் எழுதி வைத்திருக்கின்றன. 'வெறியாட்டம்' பற்றிப் பேசுவோம். யூரிபிடிஸின் ட்ரோஜன் பெண்கள் நம்மூர் ஒப்பாரிக்குள் வந்து சேர்ந்ததை வியப்போம். அவர் அடிப்படையில் ஒரு வாத்தியார் என்பதை மட்டும் அடிக்குறிப்பில் தள்ளிவிடுவோம். மேடைக்கு விமர்சகன் வருவான், வகுப்பறைக்கு யார் வருவார்?

காந்திகிராமத்தில் ஆசிரியராக இருந்தவர், அறுபதுகளில் தில்லி தேசிய நாடகப் பள்ளிக்குப் போய் அல்காஜியிடம் பயின்றார். பிறகு ஜி. சங்கரப் பிள்ளையோடு கேரளத்து நாடகக் களரி, திருச்சூர் நாடகப் பள்ளி, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத் துறை, 2008இல் சங்கீத நாடக அகாதெமி விருது. இந்த வரிசையை இத்தோடு விட்டுவிடலாம். எனக்கு முக்கியம் அதன் தொடக்கப்புள்ளியான காந்திகிராமம்.

கைத்தொழில் வழியே கல்வி என்கிற 1937ஆம் வருஷத்து வார்தா திட்டத்தின் காற்று அடித்த இடம் அது. தமிழ்நாட்டில் இந்தப் பேச்சை எடுத்தாலே 1953 ஞாபகம் வரும், வரவும் வேண்டும். ராஜாஜியின் அரைநாள் பள்ளித் திட்டத்தைக் 'குலக்கல்வி' என்று சொல்லிப் பெரியார் எதிர்த்தார். 1954இல் காமராஜர் அதைக் கைவிட்டார். ஆரணியில் இது வெறும் வரலாற்றுப் பாடம் இல்லை. கோர்வைப் புடவைக்கு மறுபக்கம் கரை நாடா போட ஒரு பிள்ளை வேணும். நாலாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் நானும் அந்தப் பக்கம் உட்கார்ந்தவன்தான். என் கை நாடாவைக் கற்றுக்கொண்டது. என்ன கற்றுக்கொள்ள ஆசை என்று யாரும் கேட்கவில்லை. அதனால் 'செய்து கற்றல்', 'உடலின் மொழி' என்று யாராவது உற்சாகமாக ஆரம்பித்தால் எனக்குள் இருக்கும் நெசவுக்காரர் வீட்டுப் பையன் எழுந்து வெளியே போய்விடுவான். 2020இன் தேசியக் கல்விக் கொள்கை ஆறாம் வகுப்பிலிருந்தே தொழில் அனுபவம் என்றபோதும் அப்படித்தான் போனான்.

ராமானுஜத்திடம் மட்டும் அவன் உட்கார்ந்து கேட்கிறான். காரணம், சிறுவர் நாடகத்தில் அவர் பிள்ளையின் கையிலிருந்து கருவியை வாங்கி வைத்துவிட்டு விளையாட்டைக் கொடுக்கிறார். மனப்பாட வசனமும் அட்டைக் கிரீடமுமான நம் ஆண்டுவிழா நாடகத்துக்கு இது நேர் எதிர்த்திசை. விளையாட்டில் ஒரு பிள்ளை மரமாகலாம், மந்திரியாகலாம், தறியாகவே ஆகலாம். அலுத்துப்போனால் வேறொன்றாக மாறிக்கொள்ளலாம். தறியில் உட்கார வைக்கப்பட்டவனுக்கு அந்த மாற்றம் கிடையாது. வார்தாவின் கைக்கும் ராமானுஜத்தின் உடலுக்கும் இடையே நான் பார்க்கிற விலகல் இதுதான். அவரே இவ்வளவு கறாராகப் பிரித்தார் என்று சொல்ல வரவில்லை, இது என் வாசிப்பு.

இதிலும் ஒரு சங்கடம் உண்டு. புரிசை எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையில் கூத்து அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது. அதுவும் ஒரு விதத்தில் குலக்கல்விதானே? ஒப்பாரியும் அப்படித்தான். யார் வீட்டுச் சாவுக்கு யார் அழ வேண்டியிருந்தது என்பதைக் கழித்துவிட்டு அந்த ஓசையை மட்டும் மேடைக்குக் கொண்டுவர முடியுமா? சிறுவர் அரங்கில் பளிச்சென்று தெரிகிற விடுதலை, 'வெறியாட்ட'த்தில் எனக்கு மங்கலாகிறது. அங்கே மரபு சொத்தாக வருகிறது. கடனாக அது வந்து சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கேள்வியை அவர் ஒருவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. நவீன நாடகம் மொத்தமும் பதில் சொல்ல வேண்டியது.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. கலையரசன், கலையரசி என்று பட்டம் கொடுக்கிறார்கள். தறிக்காரர் பிள்ளைகள் மேடையேறுகிறார்கள், அந்த அளவில் சந்தோஷம். ஒருமுறை நாடகத்துக்கு நடுவராக உட்கார்ந்திருந்தேன். நேரம் முடிந்து மணியடித்ததும் ஒரு பெண் மூச்சிரைக்க என்னிடம் வந்து, "சார், இதையே வேற மாதிரி ஒருவாட்டி செஞ்சு பாக்கவா?" என்று கேட்டாள். நான் மதிப்பெண் தாளைப் பார்த்தேன். அதற்குள் மைக்கில் அடுத்த பள்ளியைக் கூப்பிட்டுவிட்டார்கள்.