வாயில் நூல் யாருக்கு?

வாயுக்களின் இயக்கப்பாட்டுக் கொள்கையை உயர்தர வகுப்பிலே தமிழிற் கற்றுப் பேராதனைக்கு வரும் மாணவர், அது சார்புக் கொள்கையோடு இணையுமிடத்தைத் தேடினால், கிடைப்பன ஆங்கில நூல்களே. ஒளிவேகத்தை நெருங்கும் துகள்களுக்கு மாக்ஸ்வெல் பரம்பலை 1911இல் யூட்னர் விரித்தமைத்தார். சிங்கின் நூலும் (1957), செர்சிஞ்ஞானி, கிரேமர் ஆகியோரின் நூலும் (2002) செறிவுடையன. எனினும் அவை ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டன. தொடக்கநிலை மாணவர் வாயிலிலேயே நின்றுவிடுகிறார்.

இதற்கு மொழியின் வறுமை காரணமன்று. குடியேற்ற ஆட்சியின்கீழிருந்த கல்கத்தாவிலே சாகாவும் போசும் ஐன்ஸ்டைனின் கட்டுரைகளை ஜெர்மனிலிருந்து பெயர்த்தனர். அம்மொழிபெயர்ப்பு 1920இல் வெளிவந்தது. 1948இல் போஸ் வங்காளத்தில் அறிவியலைப் பரப்பக் கழகமும் கண்டார்.

சங்கச் செய்யுளுக்கு உரைகாணும் நாம், ஒரு பரம்பலுக்கு உரையெழுதத் தயங்குவதேன்? ஆங்கிலம் வாய்த்த வர்க்கத்தின் உடைமையாக அறிவு எஞ்சும்வரை, அவ்வுரை மொழிப்பற்றின் வெளிப்பாடன்று, சமூகக் கடமையாகும்.