மோல்டில் ஒட்டுப் போட எந்தக் கம்பி?

மூலை உடைந்த மோல்டு ஒன்று டூல் ரூமுக்கு வந்தால் முதல் கேள்வியே "ஹார்ட்னஸ் எவ்வளவு?" என்பதுதான். கம்பிப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ராக்வெல் எண்ணை மோல்டின் எண்ணோடு பொருத்திப் பார்த்துவிட்டு, டிக் டார்ச்சைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். பெட்டி சொல்வது அடுக்கடுக்காகப் போட்ட தூய வெல்டின் எண். மூலையில் ஒரு பீடு மட்டும் போடும்போது தாய் உலோகமும் உருகிக் கலக்கும். அதிலுள்ள கார்பன் அந்தக் கணக்கைக் கலைத்துவிடும்.

பிளாஸ்டிக் மோல்டுக்கு அதிகம் புழங்கும் பி20 ஸ்டீலை எடுத்துக்கொள்வோம். 30 ராக்வெல் சி அளவில் கெட்டிப்படுத்தியே விற்கிறார்கள். கார்பன் 0.4 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. இதில் வெல்டர்கள் விரும்பி எடுப்பது 312 ஸ்டெயின்லெஸ் கம்பி. குரோமியம் 29, நிக்கல் 9 சதவீதம் அளவில் இருக்கும். கிராக் விடாது என்பதால் வெல்டருக்கு அன்றைக்கு நிம்மதி. ஆனால் டெக்ஸ்சர் போடப் போன இடத்தில் ஆசிட் அதைக் கடிக்காது. தோல் வரி போட்ட கேவிட்டியின் நடுவே ஒரு சொட்டை தெரியும். பார்ட்டிங் லைனில் போட்டாலோ, மெஷின் மூடும் அழுத்தத்தில் அந்த மெத்தென்ற விளிம்பு நசுங்கும். பிறகு ஷாட்டுக்கு ஷாட் ஃபிளாஷ்தான்.

அதே கட்டையில் சீவிய துண்டையே கம்பியாக வைத்து உருக்குவோரும் உண்டு. நிறம் பொருந்தும், டெக்ஸ்சரும் ஏறும். ஆனால் ஆறிய வெல்டு 50 ராக்வெல் சியைத் தொடலாம். பாலிஷ் கல் சுற்றிலும் தேய்க்கும், ஒட்டு மட்டும் மேடாக நிற்கும். சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்தால் விரல் ரேகைபோலத் தெரிந்துவிடும். கார்பனைக் குறைத்துத் தயாரித்த பி20 கம்பியில் இந்தச் சிக்கல் குறைவு. பெயர் ஒன்றே என்று நம்பி வாங்காமல், சோதனைச் சான்றில் கார்பன் எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

இங்கே கம்பிக்காக ஒரு வார்த்தை பேசியாக வேண்டும். ஒட்டைச் சுற்றி வரும் கடின வளையம் தாய் உலோகத்தில் விழுவது, கம்பியின் குற்றமல்ல. 200 முதல் 250 டிகிரி செல்சியஸ் வரை ப்ரீஹீட் செய்து, வேலை முடியும்வரை அந்தச் சூட்டைக் காத்து, பிறகு டெம்பர் செய்யாவிட்டால் எந்தக் கம்பியும் காப்பாற்றாது.

அலுமினியம் வார்க்கும் எச்13 டையின் கதை வேறு. அங்கே மாரேஜிங் கம்பிக்கு நல்ல இடம் உண்டு. கார்பன் மிகக் குறைவு. மெத்தென்று விழும், எளிதாக மெஷின் ஆகும், 480 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால் 50 ராக்வெல் சி அளவுக்கு ஏறும். அந்தச் சூடு எச்13ஐத் தளர்த்தாது. ஆனால் உருகிய அலுமினியம் நேராக மோதும் கேட் பகுதியில் அதே மாரேஜிங் நாளடைவில் இளகிப்போகும். அங்கே எச்13 கம்பியே என் தேர்வு.

பி20இல் கண்ணுக்குத் தெரியும் முகத்துக்கும் பார்ட்டிங் லைனுக்கும் கார்பன் குறைந்த பி20 கம்பிதான். 312ஐ ஆழமான பள்ளத்தின் அடியை நிரப்ப மட்டும் எடுக்கலாம். மேல்முகத்துக்கு 3 மில்லிமீட்டர் கீழேயே அது நின்றுவிட வேண்டும்.