முதுகில் பிடி வைத்த கத்தி

அலாஸ்காவின் தென்மேற்கே, கஸ்கோக்விம் ஆற்றங்கரையில் உள்ள யூபிக் பழங்குடி மக்களின் ஊர்களை இணைக்கும் சாலை கிடையாது. கோடையில் படகு, பனிக்காலத்தில் உறைந்த ஆறே சாலை. க்வெத்லுக், நபாஸ்கியாக் போன்ற இந்தச் சின்ன ஊர்களின் பொருட்களில் எனக்குப் பிடித்தது ஒரு கத்தி.

உலுவாக் என்பார்கள். பெண்களின் கத்தி. பிறைநிலா போல வளைந்த அலகு, அதன் முதுகின் மேலேயே பிடி. கை வெட்டுமிடத்துக்கு நேர்மேலே இருப்பதால் அழுத்துகிற விசை வீணாகாது. மணிக்கட்டைச் சற்று உருட்டினால் போதும். அந்தக் காலத்தில் அலகு தேய்த்துக் கூராக்கிய ஸ்லேட் கல். இப்போது பழைய ரம்பத் தகட்டையே வெட்டி அலகாக்கிவிடுகிறார்கள். எனக்கென்னவோ இந்த ரம்பக் கத்திமேல்தான் கூடுதல் மரியாதை.

இந்தக் கத்தியின் வேலையை ஜூனில் சால்மன் மீன்கள் ஆறேறும்போது பார்க்க வேண்டும். தலையை நீக்கி, முள்ளை எடுத்து, இரு பக்கச் சதையும் வாலில் ஒட்டியிருக்கும்படி விடுவார்கள். கம்பில் அப்படியே கவிழ்த்துத் தொங்கவிடலாம், கொக்கி வேண்டாம். அப்புறம் சதையில் வரிசையாகக் கீறல்கள். ஆழம் போதாவிட்டால் உள்ளே ஈரம் நின்று கெட்டுவிடும். கூடினால் தோல் அறுந்து மீன் கீழே விழும். அந்த மயிரிழை அளவு விரல்களுக்குத்தான் தெரியும். காற்றில் உலர்ந்தபின் புகைவீட்டில் புகையூட்டுவார்கள்.

சமீப ஆண்டுகளில் ராஜ சால்மன் வரத்து குறைந்து, மீன்பிடிக்கக் கட்டுப்பாடுகள் வந்துவிட்டன. கத்திக்கும் வேலை குறைந்துவிட்டது.