பெத்லகேம் குறவஞ்சியும் சமய மரபுக் கையளிப்பும்

சமயப் பற்று ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குக் கொள்கை விளக்கங்களால் மட்டும் சென்று சேர்வதில்லை. பாட்டு, சொல், வழக்கம் ஆகியவற்றின் வாயிலாகவும் சேர்கின்றது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) படைப்புகள் இதற்குத் தக்க சான்றாகும். பாளையங்கோட்டையில் பிறந்த இவர், செருமானியச் சமயத் தொண்டர் சுவார்ட்சால் இளமையிலேயே தஞ்சைக்கு அழைத்துவரப்பெற்று, அவரிடம் கல்வி பயின்றார். 1800 இல் இவர் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சியும், மரபு குறித்து இவர் தொடுத்த வாதங்களும் ஈண்டு ஒருங்கே நோக்கப்பெறுகின்றன.

குறவஞ்சி வடிவம்

தலைவன் உலா வருதல், தலைவி காதல் கொள்ளுதல், குறத்தி குறி கூறுதல், சிங்கன் பறவை பிடித்தல் என்னும் போக்கு, குற்றாலக் குறவஞ்சி வாயிலாகத் தமிழர் நன்கறிந்தது. சாஸ்திரியார் இவ்வமைப்பைக் கைவிடாமல் அதன் பொருளை மாற்றினார். தலைவர் கிறித்து, தலைவி சீயோன் மகளாகிய தேவமோகினி, குறி கூறுபவள் விசுவாசத்தின் உருவகமான குறத்தி. பறவை வேட்டை, ஆன்மாக்களைச் சேர்க்கும் நற்செய்திப் பணியாகின்றது. குறி என்பது வருவது உரைத்தல். விசுவாசத்தைக் குறத்தியாக்கியதன் மூலம், எதிர்காலத்தை நோக்கி நிற்கும் இயல்பை அதற்கு ஆசிரியர் ஏற்றியுள்ளார் எனலாம். கோளியல் செய்திகளும் இந்நூலில் இடம்பெறுதலின், இது வழிபாட்டோடு கல்வியையும் இணைக்கின்றது.

உரையும் இசையும் கலந்த காலட்சேப முறையில் நிகழ்த்தத்தக்கதாய் அமைந்தமையால், எழுத்தறியாதாரும் இதனைச் செவிவழி பெற முடிந்தது. சாஸ்திரியார் என்னும் பட்டத்தைத் தாங்கிய வழித்தோன்றல்கள் இப்பாடல்களைத் தொடர்ந்து பாடி வந்தனர். ஏடு, நா, செவி என்னும் மூன்றும் ஒரு குடும்பத்திலேயே கூடியமை கையளிப்புக்கு வலுச் சேர்த்தது.

மரபுக் காப்பின் இரு முகம்

சுவார்ட்சுக்குப் பின்வந்த புதிய சமயத் தொண்டர்கள் பழைய வழக்கங்கள் சிலவற்றை மாற்ற முனைந்தபோது சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்தார். பப்ரிசியுவின் திருமறை மொழிபெயர்ப்பைத் திருத்துதல், தமிழிசையை வழிபாட்டிலிருந்து நீக்குதல், சடங்குகளில் மலர் அணிதலை விலக்குதல், சாதி வேறுபாட்டைத் துறக்க வற்புறுத்துதல் ஆகியவை அவர் கண்ட கொடுமைகள்.

இந்நான்கையும் ஒரே தட்டில் வைத்தமை ஆராய்தற்குரியது. மனப்பாடமாகிவிட்ட மறைமொழி மாறினால், பெற்றோர் செபித்த சொல் பிள்ளைக்கு அயலாகிவிடும் என்னும் அச்சம் பொருளுடையது. இசை, மலர் பற்றிய வாதமும் அத்தகையதே. எந்த மொழியில், எந்தப் பண்ணில் வழிபடுவது என்பதைப் பிறர் முடிவு செய்தலை அவர் ஏற்கவில்லை. ஆனால் கோயிலில் சாதிவாரியாகத் தனித்து அமரும் வழக்கம் வேறு வகையினது. முன்னைய மூன்றும் மரபை எல்லார்க்கும் உரியதாக்கின. இதுவோ அதே மரபின் உரிமையாளரிற் சிலரைப் பின்வரிசையில் நிறுத்தியது. “முன்னோர் வழங்கியது” என்னும் ஒரே அளவுகோல் இரண்டையும் காத்தமையே அவ்வாதத்தின் குறைபாடு.

முடிவுரை

சாதி வேறுபாட்டைத் திருச்சபையில் கைவிடுமாறு 1833 இல் கல்கத்தா ஆயர் தானியேல் வில்சன் ஆணையிட்டார். சாஸ்திரியாரின் சாதி வாதம் திருச்சபைக் கொள்கையாக நிலைபெறவில்லை. எனினும் வழக்க அளவில் அவ்வேறுபாடு நெடுங்காலம் நீடித்தது. அவருடைய கீர்த்தனைகளோ தஞ்சையையும் தம் சபைப் பிரிவையும் கடந்து பரவின. பிறர் வாயில் ஏறிப் பொதுவுடைமையான பகுதியே அவர் விட்டுச்சென்ற செல்வமாயிற்று. ஆதலின் கையளிப்பு என்பது பெற்றதை அவ்வாறே ஒப்படைத்தல் அன்று. எதனை ஒப்படைப்பது எனத் தேர்தலும் அதன்பாற்படும். அத்தேர்வில் சாஸ்திரியார் என்னும் பாவலர் பெற்ற வெற்றியை, சாஸ்திரியார் என்னும் வாதி பெறவில்லை என்பதே இவ்வாய்வால் பெறப்படும் முடிபாகும்.